கோப்பு இருக்கிறது, திறக்க முடியவில்லை. ஏன்?

இந்த மாதக் கணினிப் பேச்சில் ஒரு பழைய தலையிடியைப் பற்றிக் கதைப்போம்.

எங்களில் அநேகமானோர் வீட்டில் ஒரு சப்பாத்துப் பெட்டி இருக்கும். அதற்குள் இறுவட்டுகள், பிளொப்பித் தட்டுகள், சில வேளை ஒரு பழைய வன்தட்டு. 1990களிலும் 2000களிலும் தட்டச்சுச் செய்த கோயில் மலர், ஊர்ச் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியல், அப்பா எழுதி வைத்த குடும்ப வரலாறு, அகதி விண்ணப்பத்துக்காகக் கொடுத்த வாக்குமூலத்தின் தமிழ்ப் பிரதி என்று எல்லாம் அதற்குள் கிடக்கும். கணினியில் போட்டால் கோப்பின் பெயர் தெரிகிறது, அளவும் தெரிகிறது. திறந்தால் ஒன்றில் "திறக்க முடியாது" என்று வருகிறது, அல்லது பெட்டி பெட்டியாகவும் ஆங்கில எழுத்துக் குப்பையாகவும் வருகிறது.

"தட்டுப் பழுதாய்ப் போச்சு" என்று சொல்லி எறிந்துவிடுகிறோம். சில வேளை உண்மையிலேயே பழுதுதான். பிளொப்பியும் இறுவட்டும் சாகாவரம் பெற்றவை அல்ல. ஆனால் கோப்பைப் பிரதி எடுக்க முடிகிறது, திறக்கத்தான் முடியவில்லை என்றால், பெரும்பாலும் கோப்பில் ஒரு பழுதும் இல்லை. அதை வாசிக்கும் முறைதான் எங்களிடம் இல்லை. இது விளங்க வேண்டுமென்றால் ஒரு மென்பொருள் தன்னிடமுள்ள தகவலை எப்படி எழுதி வைக்கிறது, எப்படித் திரும்ப எடுக்கிறது என்று பார்க்கவேண்டும். பாடசாலையில் புரோகிராம் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கும் இது உதவும். வீட்டில் இருந்தால் பக்கத்தில் கூப்பிட்டு வைத்து வாசியுங்கள்.

ஒரு மென்பொருள் வேலை செய்யும்போது எல்லாத் தகவலும் கணினியின் நினைவகத்தில் இருக்கும். மின்சாரம் நின்றால் அது போய்விடும். "சேவ்" பண்ணுவது என்பது நினைவகத்தில் உள்ளதைத் தட்டில் எண்களாக வரிசையாக எழுதுவதுதான். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை. அதை ஒரு பைற் என்கிறோம். படமோ பாட்டோ கடிதமோ, கோப்பு என்று சொன்னால் இந்த எண் வரிசைதான். இது பெயர், இது ஆண்டு என்று எந்த எண்ணிலும் சீட்டு ஒட்டியிருப்பதில்லை.

எழுதுவதற்கு இரண்டு வழி உண்டு. 1983 என்ற ஆண்டை எடுப்போம், எங்களுக்கு மறக்க முடியாத எண். முதலாவது வழி, அதை எழுத்தாக எழுதுவது. ஒன்று, ஒன்பது, எட்டு, மூன்று என்ற நான்கு இலக்கங்களுக்கும் உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட அட்டவணையில் 49, 57, 56, 51 என்று எண்கள் உண்டு. அந்த நான்கு பைற்றையும் எழுதினால் எந்தக் கணினியிலும், எந்தச் சாதாரண எழுதியிலும் திறந்து 1983 என்று வாசிக்கலாம். இரண்டாவது வழி, கணினி தன் நினைவகத்தில் வைத்திருக்கும் விதத்திலேயே எழுதுவது. அங்கே 1983 என்பது 7 தடவை 256, அதோடு 191. ஆகவே 7, 191 என்று இரண்டே பைற். இதைத்தான் இரும வடிவம் என்கிறோம். சாதாரண எழுதியில் இதைத் திறந்தால் குப்பைதான் தெரியும்.

ஏன் இந்தச் சிக்கலான இரண்டாவது வழி? இடமும் நேரமும்தான் காரணம். கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்தில் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் என்று வையுங்கள். ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண். இரும வடிவில் எழுதினால் 3 கோடியே 60 இலட்சம் பைற். அதையே இலக்க எழுத்துகளாக, இடையில் இடைவெளியும் விட்டு எழுதினால் நான்கு மடங்கு வரை போகும். வாசிக்கும்போது ஒவ்வொன்றையும் எழுத்திலிருந்து எண்ணாக மாற்றவும் வேண்டும். (சுருக்கி எழுதுவது வேறு வித்தை, அதை இன்னொரு மாதம் பார்ப்போம்.) அந்தக் காலத்துப் பிளொப்பியில் 1.44 மெகாபைற்தான் கொள்ளும். அப்போது மென்பொருள் எழுதியவர்கள் ஒவ்வொரு பைற்றையும் அரிசி எண்ணுவதுபோல எண்ணியதில் நியாயம் இருந்தது.

ஆனால் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. 7, 191 என்று எழுதினேன். சில கணினிகள் சிறிய பங்கை முதலில் எழுதும், அதாவது 191, 7. இன்ரெல் செயலிகள் அந்த வகை. 1984 இல் வந்த முதல் மக்கின்ரொஷ் கணினியில் இருந்த மோட்டரோலா செயலி பெரிய பங்கை முதலில் எழுதும் வகை. ஒன்று எழுதியதை மற்றது தன் ஒழுங்கில் வாசித்தால் 1983 என்பது 48903 ஆகிவிடும். கோப்பில் ஒரு பைற்கூடப் பழுதில்லை, வாசித்த விதம்தான் வேறு. டானி கோஹன் என்ற அறிஞர் 1980 இல் இந்தச் சண்டையைப் பற்றி எழுதியபோது, முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா சின்ன முனையில் உடைப்பதா என்று கலிவரின் பயணங்கள் கதையில் வரும் சண்டையை நினைத்து இரு பக்கத்துக்கும் "பெருமுனைக்காரர்", "சிறுமுனைக்காரர்" என்ற கருத்தில் பெயர் வைத்தார். அந்தப் பெயர்கள்தான் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. ரிஃப் என்ற பட வடிவம் இதற்கு நல்ல வழி கண்டது. கோப்பின் தொடக்கத்திலேயே இரண்டு 'ஐ' எழுத்து இருந்தால் இன்ரெல் ஒழுங்கு, இரண்டு 'எம்' இருந்தால் மோட்டரோலா ஒழுங்கு. எந்தக் கணினியில் திறந்தாலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தை வாசிக்கும்.

ஒழுங்கு சரியாக இருந்தாலும் போதாது. எண்ணின் பொருள் எண்ணுக்குள் இல்லை. எக்செல் திகதியை ஒரு நாள் கணக்காகத்தான் வைத்திருக்கும். விண்டோஸ் எக்செல் 1900 இலிருந்து எண்ணியது, பழைய மக்கின்ரொஷ் எக்செல் 1904 இலிருந்து எண்ணியது. இரண்டுக்கும் வித்தியாசம் 1462 நாள். எந்தக் கணக்கு என்பதைக் கோப்பு தனியாக ஓர் இடத்தில் குறித்து வைக்கும். ஆனால் பட்டியலை ஒன்றிலிருந்து மற்றதுக்கு வெட்டி ஒட்டினால், எல்லாருடைய பிறந்த திகதியும் நான்கு வருடமும் ஒரு நாளும் தள்ளிப் போகக்கூடும். திகதி பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும், ஆகவே ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். பிறந்த திகதியில் ஒரு நாள் மாறினாலே குடிவரவுக் காரியாலயத்தில் எத்தனை கேள்வி கேட்பார்கள் என்பது நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்றில்லை.

இப்போது ஒரு முழு உதாரணம். குடும்ப மரத்தைச் சேமிக்கும் சின்ன மென்பொருள் ஒன்றைப் பிள்ளை எழுதுகிறது என்று வைப்போம். ஒவ்வோர் ஆளுக்கும் பெயர், பிறந்த ஆண்டு, தகப்பன், தாய். பெயருக்கு 20 பைற் போதும் என்று பிள்ளை நினைக்கும், ஏனென்றால் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைற். ஆனால் இன்று பெரும்பாலும் பாவிக்கும் யூ.ரி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைற். 'அ' என்பது 224, 174, 133. விசிறியும் கொம்பும் குற்றும் தனித்தனிக் குறிகள். சிவசுப்பிரமணியம் என்ற பெயரில் 16 குறிகள், ஆகவே 48 பைற். 20 பைற் பெட்டிக்குள் அதைத் திணித்தால் "சிவசுப" என்று நின்று, மிச்சம் இரண்டு பைற் அந்தரத்தில் தொங்கும். திரையில் அது ஒரு கேள்விக்குறிப் பெட்டியாகத் தெரியும். எங்கள் பெயர்கள் இந்த நாட்டுப் படிவங்களுக்குள் அடங்காமல் வெட்டுப்படுவது பழைய கதை. எங்கள் பிள்ளைகள் எழுதும் மென்பொருளிலும் அது வரவேண்டுமா? வழி மிகவும் இலகு. முதலில் "48" என்று நீளத்தை எழுதி, பிறகு அத்தனை பைற்றையும் எழுதுவது. வாசிக்கும்போது நீளத்தைப் பார்த்து அத்தனையை மட்டும் எடுத்தால் எந்தப் பெயரும் அடங்கும்.

தகப்பன், தாய் விடயம் இன்னும் நுணுக்கமானது. நினைவகத்தில் மகளின் பதிவு, "தகப்பன் இந்த இடத்தில் இருக்கிறார்" என்று ஒரு முகவரியைத்தான் வைத்திருக்கும். அந்த முகவரியை அப்படியே தட்டில் எழுதினால் நாளைக்கு அது பொய். அடுத்த முறை மென்பொருள் தொடங்கும்போது எல்லாரும் வேறு வேறு இடங்களில் இருப்பார்கள். ஊரில் கடித உறையில் "ஆலமரத்தடிக்கு மேற்கே மூன்றாம் வீடு" என்று எழுதினால் தபால்காரருக்குப் போதும். ஊரே இடம்பெயர்ந்த பிறகு அதே முகவரியை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது? ஆகவே சேமிக்கும்போது ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, "தகப்பன்: 3ஆம் ஆள்" என்று எழுதவேண்டும். திரும்ப எடுக்கும்போது முதலில் எல்லா ஆட்களையும் உருவாக்கிவிட்டு, அதன் பிறகு இலக்கத்தைப் பார்த்து உறவுகளைக் கட்டவேண்டும். இப்படிச் செய்தால், தகப்பன் மகளைக் காட்ட மகள் தகப்பனைக் காட்ட என்று மென்பொருள் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டு நிற்பதும் இருக்காது.

அடுத்த வருடம் பிள்ளை "இறந்த ஆண்டு" என்று ஒரு தகவலைப் புதிதாகச் சேர்க்கிறது. பழைய கோப்பில் அது இல்லை. புதிய மென்பொருள் பழைய கோப்பை வாசித்தால், தகப்பனின் இலக்கத்தை இறந்த ஆண்டு என்று எடுத்து, அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளி வாசிக்கும். இதனால்தான் அனுபவமுள்ளவர்கள் கோப்பின் தலையில் மூன்று விடயங்களை வைப்பார்கள். இது என்ன வகைக் கோப்பு என்ற அடையாளம், எத்தனையாம் பதிப்பு, எவ்வளவு தகவல். பி.என்.ஜி என்ற பட வடிவத்தின் அடையாளத்தைப் பாருங்கள், 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவில் உள்ள 80, 78, 71 ஆகியவை பி, என், ஜி என்ற எழுத்துகள். முன்னால் உள்ள 137 சும்மா வைத்ததல்ல. அந்தக் காலத்தில் சில வழிகளால் அனுப்பும்போது 127 இற்கு மேற்பட்ட எண்கள் சிதைந்துவிடும். அப்படி நடந்தால் முதல் பைற்றிலேயே பிடிபடும். 13, 10 என்பவை வரி முடிவுக் குறிகள். யாராவது படத்தை எழுத்துக் கோப்பு என்று நினைத்து மாற்றினால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும். எட்டு எண்ணுக்குள் இத்தனை காவல் வைத்தவர்களின் கெட்டித்தனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, சப்பாத்துப் பெட்டிக்கு வருவோம். அதில் உள்ள தமிழ்க் கோப்புகளில் இரண்டு பூட்டு உண்டு.

முதல் பூட்டு மென்பொருளினுடையது. புலம்பெயர்ந்த நாடுகளில் வந்த மலர்களிலும் சஞ்சிகைகளிலும் பல பேஜ்மேக்கரில்தான் பக்கம் அமைக்கப்பட்டன. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001 இல். அதே நிறுவனத்தின் இன்டிசைன், சி.எஸ்.6 பதிப்பு வரை பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது, அதற்குப் பின் வந்தவை திறப்பதில்லை. கோப்பின் அமைப்பு வெளியில் சொல்லப்படாதபடியால் கணினி மாறியவுடன் மலரும் உள்ளே அடைபட்டுப்போனது. மைக்ரோசொப்ட் வேர்ட்டின் பழைய டொக் வடிவமும் வெகு காலம் அப்படித்தான் இருந்தது. 2008 இல்தான் அந்த நிறுவனம் அதன் அமைப்பு விளக்கத்தை எல்லாரும் எடுக்கக்கூடியதாக வெளியிட்டது. 2007 ஒபிஸிலிருந்து வழக்கமான டொக்எக்ஸ் வேறு மாதிரி. அது உண்மையில் ஒரு ஸிப் பொட்டலம். ஒரு பிரதி எடுத்து, பெயரின் வாலை ஸிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே வாசிக்கக்கூடிய எழுத்துக் கோப்புகள் இருக்கும்.

அமைப்புத் தெரியாத கோப்பையும் சிலர் பொறுமையாக இருந்து உடைத்திருக்கிறார்கள். ஒரு சொல் மட்டும் உள்ள பக்கத்தைச் சேமிப்பது, பிறகு ஓர் எழுத்தை மாற்றித் திரும்பச் சேமிப்பது, இரண்டு கோப்பிலும் எந்த எண் மாறியிருக்கிறது என்று பார்ப்பது. இப்படி ஒவ்வொன்றாக, மாதக்கணக்கில். இப்படிப்பட்ட உழைப்பால்தான் லிப்ரெ ஒபிஸ் என்ற இலவச மென்பொருள், 2015 இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளையும் ஓரளவு வாசிக்கிறது. பக்க அமைப்புக் குலைந்து வரலாம், எழுத்தைப் பெரும்பாலும் எடுத்துவிடலாம்.

எடுத்தால் இரண்டாவது பூட்டு. வந்திருப்பது தமிழாக இருக்காது. அக்காலத்தில் நாங்கள் பாவித்த பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துக்கான எண்ணிலேயே தமிழ் உருவத்தை வரைந்து வைத்தது. "தமிழ்" என்று தட்டச்சுச் செய்தால் கோப்பில் விழுவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி, அதாவது 106, 107, 112, 111, 59. இதைப் பாமினியில் காட்டு என்ற குறிப்பு கோப்பின் வேறோர் இடத்தில் இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில், அல்லது எழுத்தை மட்டும் வெட்டி எடுத்தால், ஆங்கிலக் குப்பைதான் தெரியும். யூனிகோட்டில் 1991 இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் எங்கள் மலர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் அது வந்து சேர நெடுநாள் எடுத்தது. ஆகவே 1990களில் தட்டச்சுச் செய்தவற்றில் பெரும்பகுதி பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் இருக்கும்.

பாமினியை யூனிகோட்டாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கவனிக்க இரண்டு விடயம். பாமினியில் "கொ" என்ற எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில், முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு என்று அடிப்போம். யூனிகோட்டில் முதலில் க, பிறகுதான் உயிர்க்குறி. நல்ல கருவி இதைத் திருப்பி அடுக்கும், அரைகுறைக் கருவி கொம்பைப் பக்கத்து எழுத்தில் கொண்டுபோய் மாட்டும். மற்றது, கட்டுரைக்கு நடுவில் ஆங்கிலத்தில் இருந்த தெருப் பெயர், ஆட்பெயர் எல்லாவற்றையும் கருவி தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். எண்கள் தப்பிவிடும். பெயர்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். வாக்குமூலம், காணி உறுதிப் பிரதி போன்றவற்றில் இதைக் கட்டாயம் இரண்டு பேர் சேர்ந்து பாருங்கள், ஒருவர் வாசிக்க மற்றவர் சரி பார்க்க.

முதலில் செய்யவேண்டியது, பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் புதிய வன்தட்டொன்றுக்கு அப்படியே பிரதி எடுப்பது. பிறகு பிரதியில் மட்டும் கை வையுங்கள். திறந்துவிட்டு "சேவ் பண்ணவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். புதிய மென்பொருள் தனக்கு விளங்கிய அளவை மட்டும் எழுதி, விளங்காததை விட்டுவிடும். திறந்ததை இரண்டு விதமாக வையுங்கள். பார்வைக்குப் பி.டி.எஃப்-ஏ, அது 2005 இல் சர்வதேசத் தரமாக வந்தது, எழுத்துருவையும் தனக்குள் வைத்திருக்கும். தேடுவதற்கும் திரும்பப் பாவிப்பதற்கும் யூனிகோட்டில் வெறும் எழுத்துக் கோப்பு. ஒன்றும் சரிவரவில்லை, ஆனால் அச்சிட்ட மலர் கையில் இருக்கிறது என்றால் மினைக்கெடவேண்டாம், அதை ஸ்கான் செய்யுங்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தில் பழைய ஈழத்து வெளியீடுகள் பலவும் ஸ்கான் செய்த பக்கங்களாகத்தான் இருக்கின்றன. குடும்ப மர மென்பொருள் பாவிப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை ஜெட்கொம் என்ற வடிவத்திலும் ஒரு பிரதி எடுங்கள். அது எழுத்து வடிவம், வேறு குடும்ப மர மென்பொருள்களும் வாசிக்கும்.

புரோகிராம் எழுதும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை. பழைய கோப்பின் மேலேயே நேராக எழுதாதீர்கள். பாதியில் மின்சாரம் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. வேறு பெயரில் முழுக்க எழுதி முடித்து, அதன் பிறகு பெயரை மாற்றுங்கள். பைதனில் பிக்கிள் என்று ஒரு வசதி உண்டு, பெயருக்கு ஊறுகாய் என்று அர்த்தம். நினைவகத்தில் உள்ளதை ஒரே வரியில் போத்தலில் அடைத்துத் தரும். ஆனால் முன்பின் தெரியாதவர் தந்த போத்தலைத் திறக்கக்கூடாது, திறக்கும்போதே அது உங்கள் கணினியில் கட்டளைகளை ஓட்டக்கூடும். பைதன் விளக்கக் குறிப்பிலேயே அந்த எச்சரிக்கை இருக்கிறது. சின்னத் தகவலுக்கு ஜேசன் என்ற எழுத்து வடிவம் போதும். சங்கப் பட்டியல் போன்ற பெரிய விடயத்துக்கு எஸ்.கியூ.லைற்றைப் பாவியுங்கள். அது இரும வடிவம்தான், ஆனால் அமைப்பு முழுவதும் வெளியில் எழுதப்பட்டிருக்கிறது. 2050 வரை அதைப் பேணுவோம் என்று செய்பவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இரும வடிவமா எழுத்து வடிவமா என்பதைவிட, அமைப்பு எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

எல்லாம் முடிந்ததும் பாமினி இல்லாத வேறொரு கணினியில், மகனுடையதோ அயலவருடையதோ, திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் சரி. வன்தட்டோடு ஒரு கடதாசியில் இப்படி எழுதி வையுங்கள்: "கோயில் மலர் 1996. பேஜ்மேக்கரில் செய்தது, எழுத்துரு பாமினி. 2ஆம் கோப்புறையில் பி.டி.எஃப் பிரதி உண்டு, 3ஆம் கோப்புறையில் யூனிகோட் எழுத்து உண்டு. மாற்றிய திகதி, மாற்றியவர் பெயர்." பேனையால் எழுதுங்கள், கடதாசியைத் திறக்க மென்பொருள் தேவையில்லை.